கிரேன்காரரின் கைப்பிடி அளவு

அவர் கையில் கண்ணாடி டம்ளர் கொடுப்பதை வீட்டில் நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. வேண்டுமென்று அவர் எதையும் உடைப்பதில்லை. கை அப்படி. கதவுப்பிடி கழன்று வரும், குடைக்கம்பி வளையும், பேனா மூடி எங்கேயாவது தெறித்து விழும். வேலையிடத்தில் கையுறை கொடுக்கும் ஸ்டோர்க்காரர் அவருக்கென்று தனி அளவு வரவழைப்பார். அதுவும் இரண்டே மாதத்தில் விரலிடுக்கில் பிரிந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் முறம். முகத்துக்கு நேராகவே முறம்ண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

அந்தக் கை பூப்போல வேலை செய்யும் இடம் ஒன்று இருந்தது. தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கக்கூட இடமில்லாத கண்ணாடிக் கூண்டு. டவர் கிரேனின் கூண்டு. நூற்று அறுபத்தெட்டு இரும்புப் படிகள் ஏறிப் போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு குச்சிகளை விரல் நுனியால் தொட்டாரென்றால், இரண்டு டன் கம்பிக் கட்டு பதினோராவது மாடியில் சத்தமில்லாமல் போய்ப் படுக்கும். இருபத்து மூன்று வருஷங்களாக அவர் பார்க்கிற வேலை இதுதான். கீழே இருக்கிற உலகத்தில் அவர் எதைத் தொட்டாலும் ஒரு சத்தம் வரும். மேலே போனால் வராது.

கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்கு வழி சொல்கிறவருக்கு வானொலி என்று பெயர். நாற்பத்தைந்து வயது. வாயில் ஸ்விட்ச் கிடையாது. ஒவ்வொரு சுமையையும் இறக்கிய பிறகு கிரேன்காரர் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே. பக்கத்துத் தெருவுல கொழந்தை முழிச்சிடுச்சு."

பத்து வருஷமாக வேறு பதில் வந்ததில்லை. வானொலி ஒருவரைப் புகழ்ந்தார் என்று யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை.

அந்த வருஷத்து மருத்துவப் பரிசோதனையில்தான் வம்பு ஆரம்பித்தது. கம்பெனி வைத்திருக்கிற டாக்டர் ஒரு சின்னப் பெண்மணி. சின்ன என்றால் வயதில் இல்லை, ஆகிருதியில். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். கெட்ட கொலஸ்ட்ரால் நூற்று எழுபத்தெட்டு. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில். வீட்டில் வேறு யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டார். அண்ணனுக்கு, ஐம்பதாவது வயதில், லாரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது என்று இவர் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

டாக்டர் அன்றைக்கே இவரை ஓடும் பட்டையில் ஏற்றி, நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். இதயம் இப்போதைக்குச் சரியாகத்தான் அடித்தது. ஆனால் ஒரு வருஷச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது, மூன்று மாதத்துக்குத் தருகிறேன் என்றார். அதற்குள் எண் நூற்று அறுபதுக்குக் கீழே வர வேண்டும், அழுத்தமும் அடங்க வேண்டும். வராவிட்டால் மாத்திரை, மேற்கொண்டு சோதனைகள், அதெல்லாம் முடிந்து நிலைமை தெளிவாகும்வரை தரையில்தான் வேலை.

தரையில் என்றால் கொக்கி மாட்டுகிற வேலை. வானொலிக்குக் கீழே.

டாக்டர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னவற்றில் இவருக்கு மனசில் நின்றது ஒன்றுதான். பாதாம், அக்ரூட், வேர்க்கடலை மாதிரியான கொட்டைப் பருப்புகளில் இருக்கிற கொழுப்பு நல்ல ஜாதி, கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கும், இதயத்துக்கு நல்லது, தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். சொல்லும்போது டாக்டர் தன் கையையும் குவித்துக் காட்டினார். கூடவே அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தார். இவர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பண்ணிடறேன் டாக்டர்," என்றார்.

சொன்னால் செய்கிற மனிதர்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனார். அண்ணன் இப்போது ஓட்டுவது டிவி ரிமோட்டை மட்டும்தான். நெஞ்சு வலித்த அன்று பின்னால் பன்னிரண்டு டன் சிமெண்ட்டோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தவர், வண்டியைப் பத்திரமாக ஓரத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். பின்னால் வந்தவர்கள் சொன்ன கதை இது. அவருக்கு ஹேண்ட் பிரேக் போட்டது ஞாபகமில்லை. தம்பி தன் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் வண்டிய ஓரம் கட்டினேன்டா. நீ எங்க ஓரம் கட்டுவ?"

அப்புறம் டிவி பக்கம் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இவருக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கொக்கியில் கான்கிரீட் வாளி, வாளிக்கு நேர் கீழே எட்டுப் பேர், அவர்கள் நடுவில் அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிற வானொலி. அந்த நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் ஐம்பது மீட்டரிலிருந்து யார் இவரைத் தூக்கி இறக்குவார்கள் என்பது இரண்டாவது கேள்வி. வாளியை யார் இறக்குவார்கள்?

மறுநாளே கடைக்குப் போய் இரண்டு பெரிய டின் வாங்கிவந்தார். உப்பும் மிளகாயும் தூவிப் பொரித்த கொட்டைப் பருப்புக் கலவை. பச்சையாக இருந்ததை ஒன்று வாயில் போட்டுப் பார்த்தார். மரத்தை மெல்வது மாதிரி இருந்தது, வேண்டாமென்று வைத்துவிட்டார். தினமும் காலையில் டின்னுக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளி, மூடியிட்ட டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்புவார். மேலே போய் உட்கார்ந்து முதல் அரைமணியில் டப்பா காலி. பத்து மணிக்குக் கயிற்றில் கட்டிய பையில் வழக்கமான வெண்ணெய் பன் மேலே வரும், நாலு மணிக்கு சிப்ஸ் வரும். அவற்றையும் விடவில்லை. டாக்டர் சாப்பிடச் சொன்னதைச் சாப்பிட்டாயிற்று, மிச்சம் எப்போதும் போல. கசப்பு மருந்தைக் குடிக்கிற மாதிரி ஒரு நாள்கூடத் தவறாமல் ஆறு வாரம் இப்படியே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டின் தீர்ந்துபோய்க் கடையும் பூட்டியிருக்க, மூன்று தெரு தள்ளிப் போய் வாங்கிவந்தார். மனைவி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு வேலையில் இறங்கினால் இவரை நடுவில் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பாதிவழியில் ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்று அவராகவே லேபுக்குப் போனார். தாளை வாங்கி அங்கேயே நின்று படித்தார். நூற்று எழுபத்தாறு. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் டின்னை மேஜைமேல் வைத்த வேகத்தில் மூடி தெறித்து அடுப்புக்குப் பின்னால் போயிற்று.

"எல்லாம் பொய். ஆறு வாரம் வாயக் கட்டி வயித்தக் கட்டித் தின்னேன். ரெண்டே ரெண்டு நம்பர்."

"வாயக் கட்டினா எப்படிங்க திங்க முடியும்?" என்று கேட்டுவிட்டு அவள் குனிந்து மூடியைத் தேடினாள்.

அவள் வேலை பார்ப்பது தபால் நிலையத்தில், பார்சல் கவுண்டரில். பத்தொன்பது வருஷமாக வருகிறவன் போகிறவன் எல்லாரும் அவளிடம் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: கனமே இல்லைம்மா, லேசுதான். அவள் பதில் பேசுவதில்லை. தராசில் வைத்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவாள். மனுஷன் பொய் சொல்வதில்லை, கைதான் பொய் சொல்லும் என்பது அவளுடைய கட்சி. தினம் தூக்குகிற பையின் கனம் தூக்குகிறவனுக்கே தெரியாது.

மறுநாள் காலை அவர் டின்னுக்குள் கையை விட்டபோது அவள் ஒரு காக்கி உறையைப் பிரித்து நீட்டினாள்.

"இதுல போடுங்க. தெனமும் எடுக்கிற மாதிரியே. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

ஏன் என்று கேட்டார். ஆபீசில் கொறிக்க என்றாள். அவர் போட்டார். இன்னொரு உறையில் அவள் தன் கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டாள். இரண்டின் வாயையும் ஒட்டிக் கைப்பையில் வைத்தாள்.

சாயங்காலம் அவர் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் இரண்டு உறைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தபால் நிலையத்து இயந்திரம் பார்சல்களுக்கு அச்சிட்டுத் தருகிற எடைச்சீட்டு இரண்டிலும் ஒட்டியிருந்தது. ஒன்றில் முப்பத்தொரு கிராம். மற்றதில் தொண்ணூற்றிரண்டு.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தார், யாரோ அன்றைக்குத்தான் அதைத் தோளில் மாட்டிவிட்டுப் போனமாதிரி.

"அந்த டாக்டர் கை எப்படி இருக்கும்?" என்றாள்.

"உன் கைய விடச் சின்னது."

"தாள் எதுவும் குடுக்கலையா அவங்க?"

கொடுத்தார்தான். அது எங்கே என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். மேற்கு வெயில் கண்ணில் அடிக்கிறது என்று கூண்டின் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தார். உட்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும் என்று எழுத்து வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி. ஆறு வாரமாக அதைப் படித்திருந்தால் காக்காய்கள்தான் படித்திருக்கும்.

மறுநாள் முதல் வேலையாக அதைப் பிய்த்துப் படித்தார். வெயிலில் எழுத்து வெளுத்திருந்தாலும் படிக்க முடிந்தது. ஒரு நாளைக்குச் சுமார் முப்பது கிராம். உப்பில்லாமல், பொரிக்காமல். மற்ற தின்பண்டங்களுக்குப் பதிலாக, அவற்றுடன் சேர்த்து அல்ல. அந்தக் கடைசி வரிக்குக் கீழே டாக்டரே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

மூன்று விஷயம், மூன்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறார். ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார்.

இன்னும் ஆறு வாரம் இருந்தது. ஃபோர்மேன் விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்து ஊரில் ஒரு டாக்டர் இருக்கிறார், முகத்தைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவார், எதற்கு இத்தனை பாடு என்று காதோடு சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நல்ல கிரேன்காரர் கிடைப்பது லேசில்லை.  இவர் பதிமூன்றாவது மாடிப் பலகையின் கீழே நின்றவர்களை ஒரு தடவை எண்ணினார்.

"வேணாம் சார். மேல இருக்கிறவன் நல்லா இருக்கான்னு கீழ இருக்கிறவங்க நம்பி நிக்கிறாங்க."

ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து டப்பாவை நிரப்புவது மனைவியின் கை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு டப்பாக்களை வரிசையாக வைத்து, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் லேசாகப் புரட்டி எடுத்த பாதாம், உடைத்த அக்ரூட், தோலோடு வேர்க்கடலை எல்லாம் கலந்து ஆளுக்கு ஒரு பிடி போடுவாள். ஆள் என்று அவள் சொன்னது டப்பாக்களை. "நீங்க கைய உள்ள விடாதீங்க, பாத்துக்கிட்டு மட்டும் இருங்க," என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதல் தடவை டப்பாவின் அடியைப் பார்த்தபோது அழுகை வராத குறை. மூக்கு முட்டத் தின்று பழகினவருக்கு அது மூக்குப்பொடி அளவு.

அன்றே எண்ணிப் பார்த்தார். இருபத்தாறு இருந்தது. ஒரு நாளைக்கு அவர் தூக்கி இறக்குவது ஏறக்குறைய முப்பது சுமை. அங்கேதான் அவருக்கு வழி பிடிபட்டது. அரை மணியில் தீர்த்துவிட்டால் மிச்ச நாளெல்லாம் வாய் பன்னைத் தேடும். ஒரு சுமைக்கு ஒன்று. சுமை இறங்கி, கொக்கி கழன்று, கை இரண்டும் சும்மா இருக்கும்போது ஒன்று. அதை மெல்லுகிற நேரம் அடுத்த சுமை மாட்டுகிற நேரத்துக்குச் சரியாக இருந்தது. முதல் நாள் மரமாக இருந்த பாதாம் நாலாவது நாளில் லேசாக இனித்தது. உப்பு நாக்கைவிட்டுப் போக அத்தனை நாள் ஆகிறது.

இது வானொலிக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டாவது நாளே கேட்டுவிட்டார், என்னண்ணே மேலே அசைபோடுற சத்தம் கேட்குது என்று. இவர் விஷயத்தைச் சொன்னார்.  வானொலி வாயை மூடியது வேலையிடத்து வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அண்ணன் கேட்ட கேள்வி எப்படியோ அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். வாளிக்குக் கீழே நிற்பவர் அவர்தானே.

அடுத்த சுமை இறங்கியதும் குரல் வந்தது.

"கொக்கி கழட்டியாச்சு. போட்டுக்குங்கண்ணே."

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதுவே. பத்து நாளில் கொக்கி மாட்டுகிறவர், கம்பி கட்டுகிறவர் என்று வேலையிடம் முழுக்க அது பரவிவிட்டது. கான்கிரீட் வாளி தரை தொட்டதும் நாலு பேர் சேர்ந்து, "முறம்ண்ணே, போட்டுக்குங்க," என்று அண்ணாந்து கூவுவார்கள். கிண்டல்தான். ஆனால் பத்து மணிப் பையில் பன் வைத்து மேலே அனுப்புவதை அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். பதிலாக ஒரு பழம் வரும். காலையில் இரண்டு நிறுத்தம் முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். இருட்டுப் பிரியாத அந்தச் சாலையில் பேக்கரி ஒன்று உண்டு. அந்த இடத்தில் மட்டும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். மூச்சை அடக்கிக்கொண்டு போவார் என்று வானொலி சொன்னது மிகை.

பரிசோதனைக்கு ஆறு நாள் இருக்கும்போது காற்று வந்தது.

அன்று பார்த்து ஃபோர்மேனுக்குப் பேத்தி பிறந்திருந்தது. எல்லாருக்கும் வெண்ணெய் பன். விஷயம் தெரியாத யாரோ இவருக்கென்று நாலு பன்னைப் பையில் போட்டுக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டார்கள். அன்று லாரிகள் தாமதம், அவர் மூன்று சுமைதான் இறக்கி, மூன்று பருப்பு போட்டிருந்தார். பையைத் திருப்பி இறக்குவதற்குள் காற்றுமானி அலற ஆரம்பித்தது. அந்த வேகத்தில் எதையும் தூக்கக் கூடாது. கிரேனின் கையைக் காற்றோடு சுற்றும்படி அவிழ்த்துவிட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். ஏணியில் இறங்குவதும் ஆபத்து. காற்று தணியும்வரை அவரும் பன்னும் தனியாக.

நாலரை மணி நேரம்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்தார். தண்ணீர் குடித்தார். கூண்டு தொட்டில்போல ஆடியது. வெண்ணெய் வாசனைக்குப் போக இடமில்லை, சுற்றிச் சுற்றி மூக்கிலேயே வந்து நின்றது. டப்பாவில் இருபத்து மூன்று பாக்கி இருந்தது. ஆனால் சுமை இறங்கவில்லையே? அவருடைய சட்டத்தில் ஒன்றுகூட எடுக்க இடமில்லை. ஒரு தடவை பன் பையின் முடிச்சை விரல் தொட்டது. தொட்ட விரலை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பையைத் தூக்கிக் காலுக்கடியில், கண்ணாடித் தரையின் மேல் வைத்தார். அங்கே வைத்தால் பன்னைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குக் கீழே, ஐம்பது மீட்டர் பள்ளத்தில், மனிதத் தலைகளும் தெரிந்தன.

இரண்டு மணிக்கு வானொலியின் குரல் வந்தது. பன் விஷயம் அவருக்கு எட்டியிருந்தது.

"அண்ணே, பன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நானும் நல்லா இருக்கேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"பேச்சுக் குடுங்க அதுக்கிட்ட. உங்களுக்கு வேற யாருதான் இருக்கா?"

"நீ இருக்கியே, போதாதா? பேசு. வாய மூடாம பேசு."

வானொலிக்கு இதைவிடப் பெரிய உத்தரவு கிடைத்ததில்லை. காற்று தணியும்வரை பேசினார். மச்சினன் வீட்டுக் கூரை, பையனின் பரீட்சை, பல்லில் குழி அடைத்த கதை, இன்னும் என்னென்னவோ. மூன்றரைக்கு இவர் இறங்கிவந்து பையை வானொலி கையில் கொடுத்தபோது நாலு பன்னும் முழுதாக இருந்தன. கொஞ்சம் நசுங்கியிருந்தன, அது ஆட்டத்தில்.

வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்த மனைவிக்குத்தான் கோபம் வந்தது. இருபத்து மூன்றும் அப்படியே இருக்கிறதே என்றாள். காற்று, சுமை தூக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை என்றார்.

"அது என்ன கூலியா, வேல செஞ்சாத்தான் குடுக்கிறதுக்கு? சாப்பாடுங்க அது. உக்காந்து சாப்பிடுங்க."

எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக மென்றார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தாள். அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்திருப்பாள். அவர் அதை எடுத்துக் குடித்துவிட்டுத் திருப்பி வைத்ததை இருவரும் கவனிக்கவில்லை.

பரிசோதனை அன்று டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஏணி ஏறுகிறபோதுகூட வராத படபடப்பு. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அந்த இரண்டு உறைகளை மனைவி வைத்தமாதிரி.

நூற்று ஐம்பத்தொன்று. அழுத்தம் அடங்கியிருந்தது. ஏறின மூன்று கிலோவும் அதற்கு மேல் இன்னொரு கிலோவும் இறங்கியிருந்தன.

என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னார், முதல் ஆறு வாரத்துக் கதையையும் மறைக்காமல். தொண்ணூற்றிரண்டு கிராமைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கையைப் பார்த்தார், அப்புறம் தன் கையைப் பார்த்தார். பருப்பு மட்டும் இதைச் செய்துவிடவில்லை என்றார். பன் போனது, உப்புப் போனது, நடை வந்தது, எடை குறைந்தது, பருப்பும் தன் பங்குக்குச் செய்தது.

"எது எவ்வளவு செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால எதையும் விட்டுடாதீங்க. உங்க அண்ணன் கதை இருக்கிறதால ஆறு மாசத்துக்குத்தான் போடறேன். அடுத்த தடவை ஏறியிருந்தா மாத்திரைதான்."

"குடுத்தா முழுங்கிடறேன் டாக்டர். என் கையால அளக்கச் சொல்லாம இருந்தா போதும்."

சான்றிதழை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார். அடுத்து காத்திருந்தவர் வெல்டர். தோள்பட்டையும் தொந்தியுமாக உள்ளே போய் உட்கார்ந்தார். இவர் வாசலில் நின்று சான்றிதழை மடித்துப் பையில் வைக்கிற நேரத்துக்குள் டாக்டர் அவர் தாளைப் பார்த்து முடித்திருந்தார். தினமும் ஒரு கைப்பிடி என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது.

இவர் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்.

"டாக்டர், அவரக் கையக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் சொல்லுங்க."

வெல்டர் ஒன்றும் புரியாமல் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். இரண்டு ரொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தமாதிரி இருந்தது. டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதியிருந்த 'ஒரு கைப்பிடி'யை அடித்து, முப்பது கிராம் என்று எண்ணில் எழுதி வட்டம் போட்டார்.

பதினொரு மணிக்கு வேலையிடத்துக்கு வந்து சேர்ந்தார். ஃபோர்மேன் கண்ணாலேயே கேட்டார், இவர் ஆறு விரலைக் காட்டினார். வானொலி வாக்கி டாக்கியை நீட்டினார். நூற்று அறுபத்தெட்டுப் படி. நடுவில் இருக்கிற மேடையில் முன்பெல்லாம் இரண்டு நிமிஷம் நிற்பார். இன்றைக்கு ஒரு நிமிஷம்தான் நின்றார், அதுவும் பழக்கத்தில்.

முதல் சுமை கடைசி மாடிக்கான படிக்கட்டுத் துண்டு. இரண்டரை டன். ஓரத்தில் விரல் நுழையும் அளவுகூட இடைவெளி இல்லாத இடத்தில் போய் உட்கார வேண்டும். விரல் நுனியால் குச்சியைத் தொட்டார். அது மெதுவாகப் போனது, நின்றது, ஒரு சாண் இறங்கியது, இன்னும் ஒரு விரற்கடை. கயிறு தளர்ந்தது.

"சத்தம் கேட்டுச்சா?"



"இல்லண்ணே," என்றார் வானொலி. "கழட்டியாச்சு. போட்டுக்குங்க."

அவர் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கொக்கியை அடுத்த சுமைக்காக இறக்கினார்.